வட்டத்துக்கு வெளியே என் வேஷம்

போன வாரம் மகளுக்குப் பள்ளி விழாவுக்கென்று கருப்புச் சட்டை ஒன்று வாங்கி வந்தேன். முதல் தடவை நனைத்ததும் வாளித் தண்ணீர் மை கரைத்ததுபோல் ஆகிவிட்டது. குனிந்து பிழியும்போது அந்தச் சாய வாடை மூக்கில் ஏறியது. அப்படியே குளியலறைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். வயசாகிறது, இடுப்பு பிடித்துக்கொண்டது என்று வீட்டில் நினைத்திருப்பார்கள். அதுவும் பொய்யில்லை.

இந்த வாடை எனக்குப் பழக்கம். கடலூரில் கல்லூரியில் படித்தபோது, சுனாமி வந்துபோய் ஓரிரு வருஷம் கழித்து, எங்கள் வீதி நாடகக் குழுவின் கருப்பு ஜிப்பாக்களை அலசிப் போடுகிற வேலை என்னுடையது. செம்மண்டலத்தில் எங்கள் வீட்டு மாடிக் கொடியில் ஐந்து ஜிப்பாவும் தொங்கும். நனைப்பதற்கு முன்னால் முதுகில் வேர்வை உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்திருக்கும். எந்தக் கோடு யாருடையது என்று பார்த்தே சொல்லிவிடுவேன். எங்கம்மா ஒருநாள் கேட்டாள், "நீ நாடகத்துல நடிக்கிறியா, இல்ல லாண்டரி கட வச்சிருக்கியா?"

நியாயமான கேள்விதான். ஜிப்பா ஐந்துதான் தைத்திருந்தோம். ஆறாவது ஆளான எனக்குக் கிடையாது. ஏன் என்று சொல்கிறேன்.

அப்போது எங்கள் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் தொண்டு நிறுவனங்கள் வந்திருந்தன. அவர்களிடம் சொல்ல வேண்டிய சேதி இருந்தது, எங்களிடம் தொண்டை இருந்தது. சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒத்திகை. குழுவை நடத்தியவன் ஜெயராஜ். கடலூர் துறைமுகத்துப் பக்கத்துப் பையன், எல்லோருமே அவனுக்கு மச்சான்தான். டீயைக்கூட ஒத்திகை முடிந்துதான் வாங்கித் தருவான். "வயிறு ரொம்புனா வசனம் தூங்கிடும் மச்சான்" என்பான். எங்களுக்கு வசனம் முழித்திருந்தது, கண்தான் சொருகியது. நானும் ஆரம்பத்தில் நடித்துப் பார்த்தேன். மூன்றாம் நாளே ஜெயராஜ் சொல்லிவிட்டான்: "மனுசனா நிக்கச் சொன்னா மரம் மாதிரி நிக்கிற. மரமா நிக்கச் சொன்னா அசையுற."

அதனால்தான் எனக்கு வட்டத்துக்கு வெளியே வேஷம். நாடகத்தின் கதை சின்னது. படித்துக்கொண்டிருக்கும் பெண்ணை நிறுத்திக் கட்டிக்கொடுக்கப் பார்க்கிறார்கள். கடைசியில் அவள் மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்து, 'நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க' என்று கூட்டத்தைக் கேட்பாள். மற்ற நாலு பேரும் சிலையாக நின்றுவிடுவார்கள். ஜனங்கள் லேசில் வாய் திறக்கமாட்டார்கள், பக்கத்து ஆள் முகத்தைப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் கைலி கட்டி, தோளில் துண்டு போட்டு, ஊர்க்காரன்போல் கூட்டத்துக்குள் நிற்கிற நான் குரல் கொடுக்க வேண்டும்: "படிக்க வையுங்கய்யா அந்தப் பொண்ண!" உடனே நாலு பேர் ஆமாம் போடுவார்கள். பாட்டு, கும்பிடு, அடுத்த பஸ்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இது ஜோராக நடந்தது. அங்கே யாருக்கு யாரைத் தெரியும்? அந்தத் தைரியத்தில்தான் குமராட்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு மினிபஸ் ஏறினோம். அது கலைவாணியின் ஊர். அந்தப் பெண்ணாக நடித்தவள் அவள்தான், வயதில் எனக்கு ஒரு வருஷம் இளையவள். நடிப்பது வீட்டுக்குத் தெரியாது. ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லியிருந்தாள். அறுப்பு நேரம், அப்பா கழனியில் இருப்பார் என்று நம்பி வந்தாள். பஸ்ஸில்தான் இன்னொன்றும் சொன்னாள். நெல்லிக்குப்பத்தில் மாப்பிள்ளை பேசிவிட்டார்கள், தையில் கல்யாணம். ஏப்ரலில் கடைசிப் பரீட்சை. அதை எழுத விடுவார்களா என்று அப்பாவிடம் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. ஊர் ஊராகக் கேட்கிறவளுக்கு வீட்டில் வாய் வரவில்லை. நாங்கள் ஆளுக்கொரு கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டோம்.

அன்றைக்கென்று தூறல். அறுப்பு நின்று ஊரே வீட்டில் இருந்தது. கோயில் திடலில் பறை தட்டியதும் மொத்தச் சனமும் வந்து நின்றது. கூட்டத்துக்குள் என் பக்கத்தில் ஒரு கிழவி. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு எந்த ஊர் என்றாள். சொந்தக்காரர் வீட்டுக்கு ஒரம்பரையாக வந்தேன் என்றேன். யார் வீட்டுக்கு என்றாள். மேலத் தெருவுக்கு என்றேன். மேலத் தெருவில் யார் வீட்டுக்கு என்றாள். இந்த ஊரில் ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு வீடு உண்டு என்பது எங்கள் ஆறு பேரின் மூளைக்கும் எட்டவில்லை. நான் முழித்துக்கொண்டிருந்தபோது வட்டத்தில் கலைவாணி முட்டி போட்டுவிட்டாள். எதிரே அவள் அப்பா நிற்பதைப் பார்த்துவிட்டாள் என்று நினைக்கிறேன். எழுதி வைத்த வசனம் வரவில்லை.

"ஏப்ரல்ல பரிச்ச இருக்கு. அத மட்டும் எழுதிட்டுப் போறேனே" என்றாள்.

நாலு பேரும் சிலையானார்கள். நான் குரல் கொடுக்க வேண்டிய இடம். கிழவி என் துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். திடலில் சத்தமே இல்லை. அந்தச் சத்தமில்லாத இடத்துக்குள் ஒருத்தர் நிதானமாக நடந்து வந்தார்.

"எழுந்திரு பாப்பா. ஈர மண்ணுல எவ்ளோ நேரம் ஒக்காந்திருப்ப? வூட்டுக்கு வா, பேசிக்கலாம்."

அவள் எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, கருப்பு ஜிப்பாவோடு அவர் பின்னால் போனாள். சிலையாக நின்றவர்களுக்கு அசையலாமா கூடாதா என்று தெரியவில்லை. அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. "படிக்க வையுங்கய்யா அந்தப் பொண்ண!" என்று கத்தினேன்.

"அதான் அப்பங்காரன் கூட்டிக்கினு போறான் இல்ல, நீ எதுக்குக் கத்துற?" என்றாள் கிழவி.

திங்கட்கிழமை கலைவாணி கல்லூரிக்கு வந்தாள். ஜிப்பாவைத் துவைத்து, இஸ்திரி போட்டுக் கொண்டுவந்திருந்தாள். கல்யாணத்தை அப்பா வைகாசிக்குத் தள்ளிவிட்டாராம். பரீட்சை எழுதலாம், ஆனால் இனிமேல் நாடகம் கூடாது. நாங்கள் கேட்டதைக் கொடுத்துவிட்டு, கேட்டவளை எடுத்துக்கொண்டார். பரீட்சை நாட்களில் மகளோடு வந்து, முடியும்வரை தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கல்லூரி கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பார். என்னைப் பார்த்து ஒருநாள் லேசாகச் சிரித்தார். மேலத் தெரு விஷயம் அவர் காதுக்கும் போயிருக்கும்.

அவள் வேஷத்துக்கு வேறொரு பெண் வந்தாள். வசனம் ஒன்றைக்கூட விடமாட்டாள், நானும் நேரத்துக்குக் குரல் கொடுத்தேன், ஜனங்கள் கை தட்டினார்கள். "எல்லாம் சரியாதான் போவுது, ஒடம்புதான் ஜாஸ்தி அலுப்பா இருக்குது மச்சான்" என்றான் ஜெயராஜ். பிறகு அவனும் வெளிநாடு போனான். ஒரு புயலில் அந்தத் தூங்குமூஞ்சி மரமும் சாய்ந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் சிதம்பரத்தில் கலைவாணியைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் டீச்சர். கையில் ஒரு கட்டு விடைத்தாள், கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"அன்னிக்கு நீங்க டயத்துக்குக் கத்தியிருந்தா அப்பா வாயே தொறந்திருக்க மாட்டாருண்ணா" என்று சிரித்தாள்.

அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"அவரு போய்ட்டாருண்ணா. இப்பல்லாம் எதக் கேட்டாலும் நானேதான் பதில் சொல்லிக்க வேண்டியிருக்கு."