மாடியில் இருந்த குடிகாரர்கள்

எங்கள் தெருவில் மைக் செட் வைத்திருக்கும் முருகவேலின் குரல் தெரியாதவர்கள் திருவண்ணாமலையில் கிடையாது. தீபத்துக்கு வந்து காணாமல் போன குழந்தையிலிருந்து, கூட்டத்துக்கு வராமல் போன பேச்சாளர் வரை எல்லோரையும் கூப்பிட்டவர் அவர்தான். வாய் ஓயாத மனிதர். சாயங்காலமானால் அந்த வாய்க்குள் என்ன போகும் என்பதும் ஊருக்கே தெரியும். அதைத் தெரிவிக்க மைக் தேவைப்படவில்லை.

அவர் மனைவி ரேணுகாம்பாள் என் சிநேகிதி. ஒருநாள் பையில் புடவைகளை அடுக்கி வாசற்கதவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். “இனிமே ஒரு தடவ குடிச்சிட்டு வந்தீங்கன்னா நான் எங்கம்மா வீட்டுக்கு, கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறிடுவேன். அப்புறம் எத்தினி மைக் வச்சு கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேன்” என்றாள். அவள் கத்தியிருந்தால் முருகவேல் கவலைப்பட்டிருக்க மாட்டார். மெதுவாகச் சொன்னாள். மனிதர் ஆடிப்போய்விட்டார்.

குடியை விட மருந்து கேட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். மாத்திரை கொடுத்த நர்ஸ் இன்னொரு வழியும் சொன்னாள். குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் ஞாயிறு சாயங்காலம் கூடுகிறார்கள். செங்கம் ரோட்டில், ஆசிரமம் தாண்டி, பாத்திரக் கடை இருக்கிற கட்டடம். வட்டமாக நாற்காலி போட்டிருக்கும். பேர், ஊர் யாரும் கேட்க மாட்டார்கள். பேசப் பிடிக்காவிட்டால் சும்மா உட்கார்ந்திருக்கலாம்.

அந்தப் பக்கம் எந்தக் கட்டடத்தில் ஏறினாலும் யாராவது எதற்காகவாவது வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள் என்பது பாவம் அந்த நர்ஸுக்குத் தோன்றவில்லை. கீழே ஒருவரைக் கேட்டிருந்தால் தீர்ந்தது. ஆனால் ஊருக்கே அறிவிப்புச் செய்கிறவருக்கு, “குடிய விடுற கூட்டம் எங்கங்க?” என்று கேட்க வாய் வரவில்லை. குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்களே! துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நேரே மாடி ஏறிவிட்டார்.

மேலே வட்டமாக நாற்காலிகள். அத்தனையிலும் வெள்ளைக்காரர்கள், கண்ணை மூடிக்கொண்டு. இவர்களுக்கும் நம் வியாதிதானா என்று முருகவேலுக்கு ஒரே ஆச்சரியம். யாரும் பேர் கேட்கவில்லை. நகர்ந்து இடம் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் பக்கத்திலிருந்த தாடிக்காரர் கண்ணீர் விட்டார். எவ்வளவு குடித்தாரோ என்று இவருக்கு மனசு கேட்கவில்லை. அவர் கையைப் பிடித்து, “அழாதீங்க சார். நானுந்தான்” என்றார். தாடிக்காரருக்குத் தமிழ் தெரியாது. யாரோ பெரிய சாமியார் வந்திருக்கிறார் என்று நினைத்துக் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டார். குடித்தவன் காலில் விழுவது புதிதல்ல என்பதால் முருகவேல் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

விளையாட்டில்லை, குடி நின்றது. சாயங்காலம் நாக்கு கேட்கும்போதெல்லாம் தாடிக்காரரை நினைத்துக்கொள்வார். “அவுரு பிளேன் ஏறி வந்து விடுறாரு. நான் வீட்டோட இருந்துக்கிட்டு விடக்கூடாதா?” என்று என்னிடமே கேட்டிருக்கிறார். வாராவாரம் போனார். ரேணுகாம்பாளுக்குத்தான் சந்தேகம். “அங்க யாரும் பேசறதில்லையாம். இவரும் பேசறதில்லையாம். நம்பற மாதிரியா இருக்குது?” என்று ஒரு ஞாயிறு கூடவே கிளம்பிவிட்டாள்.

மாடியில் மூலிகை டீ ஊற்றிக்கொடுக்கும் பெண் கவிநிலா. அவளிடம் ரேணுகாம்பாள் கேட்டாள்: “இவங்கள்லாம் குடிய விட்டு எத்தினி நாளாச்சும்மா?”

“குடியா? அக்கா, இவங்க பால் டீ கூட தொட மாட்டாங்க. தியானத்துக்கு வர்றவங்க. நீங்க தேடுறது கீழ, பின்னாடி ரூம்.”

ரேணுகாம்பாள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். படி இறங்கும்போதும் சிரிப்பு அடங்கவில்லை. கீழே வந்த பிறகுதான் புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

“அப்போ இவ்ளோ நாளா அங்க நான் ஒருத்தன்தான் குடிகாரனா?” என்றார் முருகவேல். அவர் கண் ரோட்டுப் பக்கம் போயிற்று. அந்தப் பார்வை எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும். ஒழுங்காக இருந்த ஆளை நானே கெடுத்துவிட்டேனே என்று பயந்துபோனாளாம்.

“பின்னாடி ரூம்னு சொன்னாங்க இல்ல? பாத்துட்டாவது போலாம், வாங்க” என்று முன்னால் நடந்தாள்.

உள்ளே நாலைந்து பேர்தான். எல்லோரும் உள்ளூர். நடுவில், எங்கள் தெருமுனை நாட்டு மருந்துக் கடை ராமதாஸ். (பேரை மாற்றியிருக்கிறேன், கடையையும்தான்.) முருகவேல் தள்ளாடி வருவதைக் கண்டாலே ஷட்டரை இறக்கிவிடும் ஆசாமி. முருகவேல் வாசலிலேயே நின்றுவிட்டார்.

ராமதாஸ் எழுந்தார். “வாங்க முருகவேல். நானும் குடிகாரன்தான். விட்டுட்டு இருக்கேன். உங்க மேல அடிக்கிற வாடைக்கு எங்க நானும் பின்னாலயே வந்துடுவேனோன்னு பயம். அதான் ஷட்டர இறக்கிடறது.”

முருகவேலுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. “மாடியில இருக்கறவங்க எல்லாரும் குடிகாரங்கன்னு நம்பித்தாங்க நான் இத்தினி நாளா குடிக்காம இருந்தேன். இப்போ யாருமே இல்லன்னு ஆயிடுச்சு.”

அறையே சிரித்தது. ராமதாஸ் மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“நாங்கள்லாம் நெஜமாவே குடிகாரங்கதாங்க. நம்பி உக்காருங்க.”