வாகனம் இருக்கிற வீட்டுக்குத்தான் சிலாப்

கல்லடியில் வாவியை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில் எங்கள் வீடு இருக்கிறது. மாரி வந்தால் முற்றத்தில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும். அதனால் ஒழுங்கையின் இரண்டு பக்கமும் கொங்கிறீட் வடிகான் வரப்போகிறது என்றபோது நான் சந்தோஷப்பட்டேன். வேலைக்கு வந்தவர்களுக்கு முதல் நாள் தேத்தண்ணீர்கூட ஊற்றிக் கொடுத்தேன். இப்போது நினைத்தால் அந்தச் சீனிக்கும் மனம் எரிகிறது.

கான் வந்தது. ஒரு ஆள் இறங்கி நின்றால் இடுப்புவரை மறையும் ஆழம், எட்டிக் கடக்க முடியாத அகலம். எங்கள் கேற்றுக்கும் ஒழுங்கைக்கும் நடுவில் அது வாயைத் திறந்து கிடந்தது. மேலே மூடுகிற சிலாப் பிறகு வரும் என்றார்கள். வந்தது, ஆனால் முன்வீட்டுக்கு வந்தது, மூலைவீட்டுக்கு வந்தது, எங்களைத் தாண்டிப் போய்விட்டது. வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் போய்க் கேட்டேன். என் மகன் வயதுதான் இருக்கும்.

"வாகனம் இருக்கிற வீட்டுக்குத்தான் சிலாப், அம்மா. பிளான்ல அப்பிடித்தான் இருக்கு."

"எங்கட வீட்டில சைக்கிள் இருக்கு தம்பி."

"சைக்கிள் வாகனத்துக்குள்ள வராது."

"மனுசர்?"

அவர் கையிலிருந்த பிளானைச் சுருட்டினார். கொஞ்சம் வெட்கப்பட்டமாதிரி இருந்தது. "நான் கீறின பிளான் இல்ல அம்மா" என்றார்.

என் கணவர் ஓய்வுபெறும்வரை பஸ் ஓட்டியவர். ஊரையெல்லாம் ஏற்றி இறக்கினாலும், சொந்தமாக வைத்திருந்தது அந்தச் சைக்கிள் ஒன்றுதான். பாரிசவாதம் வந்தபிறகு அதையும் தொடுவதில்லை. இடது காலை இழுத்து இழுத்து, தடி ஊன்றி நடப்பார். அவருடைய நாளில் மிச்சமிருந்த ஒரே சந்தோஷம் பின்னேரங்களில் ஒழுங்கையைக் கடந்து முன்வீட்டுக்குப் போவது. அங்கே ஓட்டோ ஓட்டுகிற தம்பி, பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து சாப்பிட்டபின் அவரோடு காய் நகர்த்தி டாம் விளையாடுவார். நான் உள்ளே தையல் மிசினில் இருந்தாலும் இரண்டு பேரும் சண்டைபிடிக்கிற சத்தம் கேட்கும்.

எங்கள் பக்கத்தில் வாகனமில்லாத வீடுகள் எல்லாம் பலகை போட்டன. நாங்களும் போட்டோம். ஒரு பின்னேரம் பலகை சரிந்து அவர் கானுக்குள் விழுந்துவிட்டார். நான் ஓடிவருமுன் தம்பி குதித்து அவரைத் தூக்கியிருந்தார். முழங்கையிலும் நெற்றியிலும் காயம். இரத்தத்தைத் துடைக்கும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

அதன்பிறகு அவர் கேற்றடிக்கே போகவில்லை. தம்பி கூப்பிட்டால், "நாளைக்கு வாறன்" என்பார். அந்த நாளை வரவில்லை. தம்பி இங்கே வந்து பார்த்தார். ஆனால் விருந்தாளிமாதிரி கதிரையில் உட்கார வைத்து டாம் விளையாடினால் அது வேறு விளையாட்டாகிவிடுகிறது போல. இரண்டு பேரும் மரியாதையாகப் பேசினார்கள். எனக்கு அதைக் கேட்கச் சகிக்கவில்லை.

உத்தியோகத்தரின் மேலதிகாரிகளைத் தேடிக் கந்தோருக்குப் போனேன். அங்கேயும் வாகனம் என்ற அதே சொல். திரும்பி வந்து ஒழுங்கையில் நின்று வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். தம்பி கேட்டுக்கொண்டு நின்றார்.

"அக்கா, அவங்களுக்கு வாகனம்தானே வேணும்? என்ட ஓட்டோவ உங்கட வளவுக்குள்ள விடுவம்."

"சிலாப் இல்லாம எப்பிடித் தம்பி விடுற?"

"தூக்குவம்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் காலை ஒழுங்கை ஆம்பிளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். முன்சில்லு ஒருதரம் கானுக்குள் இறங்க, தம்பியின் மனைவி தலையில் கைவைத்துக்கொண்டு கத்தினாள். என் கணவர் வாசலில் நின்று, பழைய சாரதியின் குரலில், "இடப்பக்கம்! இடப்பக்கம் ஒடிங்கடா!" என்று கட்டளையிட்டார். அவர் விழுந்த நாளுக்குப்பிறகு அந்தக் குரலை அன்றுதான் கேட்டேன்.

உத்தியோகத்தர் வந்தார். ஓட்டோவைப் பார்த்தார், கானைப் பார்த்தார்.

"இது எப்பிடியம்மா உள்ளுக்க வந்த?"

"தூக்கி வெச்ச."

நெற்றியைத் தடவிக்கொண்டார். பிறகு போனை எடுத்து ஓட்டோவை ஒரு படம் பிடித்தார். "இந்த வீட்டுக்கும் போடுங்க" என்று வேலைக்காரரிடம் சொன்னார். இத்தனை நாள் நான் கெஞ்சியது நடக்காமல், ஒரு படத்தில் நடந்தது. அன்றைக்கே கம்பி கட்டிக் கொங்கிறீட் ஊற்றிவிட்டார்கள்.

ஓட்டோவை வெளியே எடுக்க ஒருவரும் யோசிக்கவில்லை. கொங்கிறீட் இறுகும்வரை அது எங்கள் வளவுக்குள் சிறை. பள்ளிப் பிள்ளைகளுக்கு வேறு ஓட்டோ தேடவேண்டியதாயிற்று. தம்பியின் மனைவி என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, அதில் நியாயமும் இருந்தது. தம்பியோ பக்கத்து வீட்டுப் பலகையால் வந்து மதிலேறிக் குதித்து, ஓட்டோவின் பின்சீற்றில் என் கணவரோடு உட்கார்ந்து பொழுதெல்லாம் டாம் விளையாடினார். கள்ள ஆட்டம் என்று இரண்டு பேரும் கத்தினார்கள். நான் தேத்தண்ணீர் கொடுத்தேன்.

இப்போது அவர் முன்வீட்டுக்குப் போய்வருகிறார். தண்ணீரும் முற்றத்தில் நிற்பதில்லை. கான் அந்த வேலையைச் சரியாகத்தான் செய்கிறது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் கான் கட்டிய கொந்தராத்துக்காரரும் உத்தியோகத்தரும் அடுத்த ஒழுங்கைக்குப் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டு மச்சாள் ஓட்டோவை இரவல் கேட்டு வந்தபோது படம் பிடிக்க ஒருவரும் இல்லை. முன்பெல்லாம் ஒரு சுண்டு அரிசிக்கும் ஒரு கதைக்கும் நினைத்தபோது வந்து போனவள், இப்போது அவசியமென்றால்தான் வருகிறாள்.

நேற்றும் அவள் சந்தைப் பையோடு தன் வீட்டுப் பலகையில் நின்று, "கையத் தா கா" என்று கூப்பிட்டாள். ஓடிப்போய்ப் பிடித்து இழுத்தேன். பிறகு இரண்டு பேரும் ஒழுங்கையில் நின்று, பிளான் கீறியவன் யாரென்று தெரியாமலே அவனை மனம் ஆறத் திட்டினோம்.