புதுசா ஒண்ணும் மாத்தலை

பெட்ரோல் டேங்க்குக்கு மூச்சுவிட ஒரு துளை வேண்டும். ஊசி நுழையும் அளவு இருந்தால் போதும். உள்ளே பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்கு வெளிக்காற்று போக வேண்டும். போகாவிட்டால் பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது. இதை எந்த டிரைவரைக் கேட்டாலும் சொல்லிவிடுவான். ஆறு வருஷம் வாடகைக் கார் ஓட்டிய எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொண்ட நாளில் என் முதல் பிள்ளையைப் பறிகொடுத்தேன்.

அறுபதுகளின் தொடக்கம். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என் வண்டி நிற்கும். மலைத் தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவர் ஓட்டித் தேய்த்து, விற்றுவிட்டுப் போன பழைய சீமைக் கார். வீட்டுச் சந்தில் நிறுத்திவைத்தால் காலையில் பெட்ரோல் குறைந்திருக்கும். யாரோ குழாய் விட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். வேறு ஊர்க்காரனாக இருந்தால் வண்டியை இடம் மாற்றி நிறுத்தியிருப்பான். நாங்கள் திண்டுக்கல்காரர்கள், உப்புப் பானைக்குக்கூடப் பூட்டுப் போடலாமா என்று யோசிக்கிற ஆட்கள். நேராகப் பூட்டுப் பட்டறைக்குப் போனேன்.

பட்டறைக்காரர் டேங்க் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல ஒரு பொத்தல் இருக்கே தம்பி?"

"துருப்புடிச்சு விழுந்திருக்கும்ணே. அதையும் சேத்து அடைச்சிருங்க."

என் வாயால் நான் சொன்னதுதான். யாரும் சொல்லித்தரவில்லை.

பத்து நாளில் புது மூடி வந்தது. கனத்த பித்தளை, உள்ளே தோல் வாசர், சாவித் துளைக்கு மேல் இறுக்கமாக ஒரு சின்னத் தகடு. "இனிமே ஒரு சொட்டு வெளிய போகாது. காத்துகூட நுழையாதுப்பா" என்றார் பட்டறைக்காரர். அந்த வார்த்தையை நான் வண்டியில் ஏறிய சவாரிகள் அத்தனை பேரிடமும் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஊருக்குள் ஓடினால் ஒரு குறையும் இல்லை. நத்தம், வத்தலக்குண்டு என்று வெளியூர் கிளம்பினால், அதிலும் டேங்க்கை நிரப்பிக்கொண்டு கிளம்பினால், பத்து மைலில் திணறும், குலுங்கும், நின்றுவிடும். எதையாவது கழற்றி மாட்டினால் ஓடும். மறுபடியும் பத்து மைலில் அதே கதை.

பேகம்பூரில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் பாய் ஒருவர் இருந்தார். அவசரப்படாத மனுஷர். கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு சோடா பாட்டிலுக்குள் விட்டுக்கொண்டு, என்னை ஹேண்டில் போட்டுச் சுற்றச் சொல்வார். பெட்ரோல் விட்டு விட்டுப் பீச்சியடிக்கும். அது அடிக்கிற வேகத்தை வைத்தே பம்பின் பலத்தைச் சொல்லிவிடுவார்.

"பம்பு தங்கமா அடிக்குது தம்பி. ஓடுறப்ப ஏன் ஏங்குதுன்னுதான் புரியல."

பம்புக்குள் இருக்கும் ஜவ்வை மாற்றினார். டேங்க்கிலிருந்து வரும் குழாயில் வாய் வைத்து ஊதினார், வாய்க்குள் வந்த பெட்ரோலைக் காறித் துப்பினார். வடிகட்டி வலையைக் கழுவினார். வெயிலில் பெட்ரோல் ஆவியாகி அடைக்கிறதோ என்று, பம்பின் மேல் ஈரத்துணி சுற்றி ஓட்டச் சொன்னார். குழாயைக் கழற்றுகிறபோதெல்லாம் அதன் வழியாகவே டேங்க்குக்குள் காற்று போய்விடும். அதனால் எந்த வைத்தியம் செய்தாலும் பலித்ததுபோலவே இருந்தது. மூடியோ பின்பக்கத் தகட்டுக்குள் ஒளிந்துகிடந்தது. அவர் தலை எப்போதும் பானட்டுக்குள்தான் இருந்தது.

கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டே ஒன்று கேட்டார்.

"இந்தக் கோளாறு வர்றதுக்கு முந்தி, வண்டியில ஏதாச்சும் புதுசா மாத்துனீங்களா?"

"புதுசா ஒண்ணும் மாத்தலை பாய்" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. பூட்டு என்பது வண்டியில் சேர்ந்தது என்றே எனக்குத் தோன்றவில்லை. கதவுக்குப் பூட்டுப் போட்டால் வீட்டை மாற்றிவிட்டோம் என்றா சொல்கிறோம்? ஆனால் அவர் சரியான கேள்வியைத்தான் கேட்டார். சரியான பதில் என் சட்டைப்பையில் சாவியாகக் கிடந்தது.

அப்போது என் மனைவி தலைப்பிரசவத்துக்காகப் பழனி வட்டாரத்துக் கீரனூருக்கு அந்தப் பக்கம் தாய்வீட்டில் இருந்தாள். நாள் நெருங்கியதும் நானும் வண்டியோடு போய்த் தங்கினேன். எந்த நேரத்தில் கிளம்ப வேண்டியிருக்குமோ என்று, முதல் நாளே பழனிக்குப் போய் டேங்க்கை விளிம்பு வரை நிரப்பி வைத்தேன். அக்கறையோடுதான் செய்தேன். நான் அக்கறையோடு செய்த எதுவும் உருப்படவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மருத்துவச்சி வெளியே வந்தாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும், பழனியில் அதற்கு ஆளில்லை, திண்டுக்கல் பெரிய டாக்டரம்மாவிடம் உடனே கொண்டுபோங்கள் என்றாள். நாற்பது மைலுக்கு மேல். பின் ஸீட்டில் மாமியார் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டாள் என் மனைவி. நான் ஓட்டினேன்.

தொப்பம்பட்டி தாண்டியதும் வண்டி முதல் தடவை நின்றது. குழாயைக் கழற்றி ஊதி மாட்டினேன், ஓடியது. ஒட்டன்சத்திரத்துக்கு முன்னால் மறுபடியும் நின்றது. வலையைக் கழற்றிக் கழுவினேன்.

"ஏனுங்க மாப்ள, இன்னும் எத்தன நேரமாகுமுங்க?" என்று மாமியார் கேட்டார். நான் வலையை மாட்டிவிட்டு வண்டியை எடுத்தேன்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டைத் தாண்டி நாலைந்து மைலில் மூன்றாவது தடவை. வெயில் ஏறிவிட்டது. பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு ஹேண்டிலைச் சுற்றிக்கொண்டிருந்தேன். தக்காளி ஏற்றிய லாரி ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டிப் பின் ஸீட்டைப் பார்த்தான்.

"திண்டுக்கல் வழியாத்தாண்ணே போறேன். அக்காவ முன்னாடி ஏத்தி விடுங்க. மெதுவாக் கொண்டுபோயிருவோம்."

"வேணாம்ப்பா. இந்தா ஓடிரும்" என்றேன். என் வண்டியைப் பற்றி எனக்குத் தெரியாதா என்கிற திமிர்.

லாரி போய்விட்டது. "அதுலயாச்சும் போயிருக்கலாமே" என்றாள் மனைவி. ரொம்ப மெதுவாகத்தான் சொன்னாள்.

"செத்த நேரம் வாயை மூடிக்கிட்டு இருக்க மாட்ட?" என்று எரிந்து விழுந்தேன். அவள் சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஊர் வந்து சேரும்வரை அவளிடமிருந்து முனகல்கூட வரவில்லை.

மறுபடியும் குழாயைக் கழற்றி ஊதியதில் கிளம்பிய வண்டி, ரெட்டியார்சத்திரத்துக்கு அருகே நான்காவது தடவை நின்றது. இனி பம்பை நம்பிப் பயனில்லை, கார்புரேட்டரில் நேராகப் பெட்ரோலை ஊற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகவாவது போய்விடலாம் என்று நினைத்தேன். அதற்குப் பெட்ரோல் எடுக்க வேண்டும். அன்று முதல் தடவையாகப் பூட்டில் சாவியைப் போட்டேன். திருகியும் மூடி வரவில்லை. உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. இரண்டு கையாலும் நெம்பினேன். 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே போன சத்தம் நெடுநேரம் கேட்டது.

அந்தச் சத்தம் நிற்பதற்குள் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

டேங்க் வாயில் துணியைச் சொருகிவிட்டு ஓட்டினேன். மாமியார் என்னவென்று கேட்டதற்கு, "சரியாயிருச்சு" என்று மட்டும் சொன்னேன். அதன் பிறகு வண்டி எங்குமே நிற்கவில்லை. அவ்வளவு நன்றாக அது ஓடி அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருக்கக் கூடாதா?" என்றார் டாக்டரம்மா. மனைவியைக் காப்பாற்றிக் கொடுத்தார். பெண் குழந்தை. தலை நிறைய முடி இருந்தது. ஞானஸ்நானம் பெறாத பிள்ளை என்பதால் கல்லறைத் தோட்டத்துக்குள் இடமில்லை என்றார்கள். மதிலுக்கு வெளியே புதைத்தோம். பெயர்கூட வைக்கவில்லை.

மனைவியை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த மூன்றாம் நாள் மெக்கானிக் பாய் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"என்னைய நம்பிக் கொடுத்த வண்டி தம்பி. நான் சரியாப் பாக்கல. உங்க புள்ளைய நான்தான் கொன்னுட்டேன்" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. உள்ளறையில் மனைவி விழித்திருப்பது தெரிந்தது.

"விடுங்க பாய். போனது போச்சு" என்றேன். பெரிய மனசு பண்ணி அவரை மன்னித்துவிட்டேன்.

அவர் மறுபடியும் அழுதார். இப்படி ஒரு மனுஷனா என்று ஊரெல்லாம் சொன்னாராம். அதன் பிறகு பெட்ரோல் வரவில்லை என்று யார் வண்டி கொண்டுவந்தாலும் அவர் தொடுவதில்லை, வேறு பட்டறைக்கு அனுப்பிவிடுவார். எதனால் என்று எனக்குத் தெரியும். நானோ துளையுள்ள சாதா மூடி ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆறேழு வருஷம் ஓடியது. எங்களுக்கு இரண்டு பையன்கள் பிறந்துவிட்டார்கள். ஒருநாள் மத்தியானம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தவள், கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள்.

"அந்த பாய் மட்டும் அன்னிக்கு ஒழுங்காப் பாத்திருந்தா, மூத்தது இந்நேரம் பள்ளிக்கூடம் போயிட்டிருக்கும்ல?" என்றாள். குரலில் கோபமில்லை. கணக்குப் பார்ப்பவள்போலத்தான் சொன்னாள்.

"ஆமா" என்றேன். இன்னும் கொஞ்சம் வெஞ்சனம் வைக்கச் சொல்லித் தட்டை நீட்டினேன்.