கவுன்ட்டர் மூடுவதற்குள்

சட்டைக் கம்பெனியில் காஜா எடுப்பவள் என்பதால் எங்கள் தெருவில் அவளுக்குக் காஜாக்கா என்றுதான் பெயர். ஒரு நாளைக்கு நானூறு சட்டைக்குப் பொத்தான் துளை அடிப்பாள். ஐம்பத்திரண்டு வயது, தனி ஆள். கர்ப்பப்பையில் புற்றுநோய். மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்ற வேண்டும். அதற்கான ஆஸ்பத்திரி வேறு நகரத்தில் இருந்தது.

முன்பு நேராக ஒரு பஸ் ஓடியது. கூட்டம் இல்லை என்று அதை நிறுத்திவிட்டார்கள். பிறகு காலை ஐந்து மணி பஸ்ஸில் போய், நடுவில் ஓர் ஊரில் இறங்கி மாற வேண்டியிருந்தது. மாறுவதற்குப் பன்னிரண்டு நிமிஷம். முதல் பஸ் சற்றுத் தாமதித்தாலும் இரண்டாவது போய்விடும். அடுத்தது ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான். ரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் மருந்து ஏற்றுவார்கள்; ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் கவுன்ட்டரைப் பத்து மணிக்கு மூடிவிடுவார்கள். இரண்டு முறை மூடிய ஜன்னலைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். இந்த முறையும் தவறினால் இதுவரை ஏற்றியதெல்லாம் வீண் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். "மாறுற ஊர்ல இறங்கினதும் நீங்க முன்னாடி போய் ரெண்டாவது பஸ்ஸை மறிச்சு நில்லுங்கக்கா. உங்க வயசு ஆளு மேல வண்டியை ஏத்த எவனுக்கும் மனசு வராது."

கிளம்பிக்கொண்டிருந்த இரண்டாவது பஸ்ஸை மறித்தேன். வீட்டில் சண்டையா, சாக என் வண்டிதான் கிடைத்ததா என்று கண்டக்டர் கேட்டார். அதற்குள் அவள் கம்பியைப் பிடித்து ஏறிவிட்டாள். மூன்றே கால் மணி நேரம் அந்த பஸ் எங்குமே நிற்கவில்லை. தண்ணீர் நீட்டினேன், அப்புறம் என்றாள். நான் தூங்கிப்போனேன். அது என் தப்பு. அவள் உதடு வெடித்திருந்ததைப் பார்த்திருக்க வேண்டும்.

ஒன்பதே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்து ரத்தம் கொடுத்தோம். அவள் முகம் அன்றுதான் கொஞ்சம் தெளிந்திருந்தது.

மதியம் ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் தலையை ஆட்டினார். உடம்பில் நீர் வற்றி, சிறுநீரகம் திணறுகிறது, இந்த நிலையில் மருந்து ஏற்ற முடியாது என்றார். மூன்று லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு மறுநாள் காலை மறுபடி ரத்தம் கொடுக்கச் சொன்னார்.

கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தாய் என்று கேட்டேன்.

"நேத்து மத்தியானம்."

"ஏண்டி?"

"நடுவுல எங்கயும் நிறுத்த மாட்டான்க்கா. போன தடவை அடக்க முடியாம நிறுத்தச் சொன்னேன். பஸ்ஸே சிரிச்சுது."

இரவு ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக்கொள்ளலாம், நான் கூட இருக்கிறேன் என்றேன். கம்பெனியில் ஒரு நாள்தான் லீவு கொடுத்திருக்கிறார்கள் என்றாள். பாட்டிலை நிரப்பிக் கையில் திணித்தேன். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ரெண்டரைக்குத் திரும்புற பஸ்ஸு. அதுவும் நிக்காது."

நாக்கை நனைத்துக்கொண்டு மூடியைத் திருகினாள்.

அடுத்த முறை நான் போய்க் கூப்பிட்டபோது, கம்பெனியில் வேலை அதிகம் என்றாள். அதற்கப்புறம் அவள் அந்த நகரத்துக்குப் போகவேயில்லை. ஏழு மாதம் இருந்தாள்.