பாதியில் நின்ற இமை

பணிமனையில் அவருக்குக் ‘குழாய்’ என்று பெயர். இருபது வருடமாகப் பேருந்து ஓட்டுகிறவர். அதில் ஆறு வருடம் இடது கண்ணில் தண்ணீர் வழிய வழியவே ஓட்டினார். கண்ணீர் மூக்குக்குள் இறங்குகிற பாதை அடைத்துக்கொண்டது, அவ்வளவுதான் விஷயம். ஏறுகிற பயணிகளுக்கு அது தெரியுமா? வீட்டில் என்ன கஷ்டமோ, பாவம் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள்.

கடைசியில் கண்ணோரம் சீழ் பிடித்தது. மூக்கின் பக்கத்தில் கீறிப் புது வழி திறந்துவிட்டார்கள். தண்ணீர் நின்றது, வேறொரு வம்பு வந்து சேர்ந்தது. சிமிட்டும்போது இடது இமை பாதி வழி இறங்கி, அங்கேயே நின்று யோசித்துவிட்டு மேலே போனது.

“கீறின இடத்துக்குப் பக்கத்துல, இமையை மூடுற நரம்பு கொஞ்சம் அடி வாங்கியிருக்கு. பெரும்பாலும் மூணு நாலு மாசத்துல தானா வந்துடும். அதுவரைக்கும் சொட்டு மருந்து விடுங்க. வண்டி மட்டும் வேணாம்” என்றார் டாக்டர்.

வீட்டில் சும்மா இருப்பது வண்டி ஓட்டுவதைவிட உடம்பை முறித்தது. மத்தியானம் படுத்தால் இடது கண் கொஞ்சம் திறந்தே கிடக்கும். “தூங்குறீங்களா, என்னை வேவு பாக்குறீங்களா?” என்பாள் மனைவி. எரிகிற கண்ணோடு எங்கே தூங்குவது? அவருடைய தடத்தில் வேறொருவர் ஓட்டிக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு மாதம் போனால் தடம் அந்த ஆளுக்கே நிலைத்துவிடும் என்ற பயம் வேறு.

பணிமனையில் ஒரு வழக்கம். காலையில் சாவி கொடுக்குமுன் டைம் கீப்பர் ஒவ்வொரு ஓட்டுநரின் இமையையும் பத்து எண்ணும்வரை பார்ப்பார். சரியாகத் தூங்காதவனுக்கு இரண்டு இமையும் ஒன்றாக அடிக்காது, அதுவே காட்டிக்கொடுத்துவிடுமாம். டாக்டர் சீட்டைவிட அவருக்கு அதில்தான் நம்பிக்கை. இடது இமை முழுதாக இறங்காதென்றால் வலதையும் பாதியில் நிறுத்தினால் போயிற்று என்று குழாய் முடிவு கட்டினார். இரண்டு வாரம் கண்ணாடி முன் நின்று பழகினார். நல்ல கண்ணைக் கெடுக்க இவ்வளவு பாடுபட்டவர் உலகத்தில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

“பரவாயில்லையே, ரெண்டும் ஒண்ணாத்தான் அடிக்குது” என்று டைம் கீப்பர் சாவியைக் கொடுத்தார்.

பாலம் ஏறியதும் எதிர்க்காற்று முகத்தில் அடித்தது. மண்ணை அள்ளிப் போட்டதுபோல இடது கண் உறுத்தியது. பழக்கதோஷத்தில் வலது இமையும் பாதியிலேயே நின்றதால் அந்தக் கண்ணும் எரிந்து மங்கியது. இறக்கத்தில் சைக்கிளில் போன பெண்ணை அவர் பார்க்கவே இல்லை. கண்டக்டர் போட்ட கூச்சலில்தான் பிரேக்கை மிதித்தார். நடுவில் ஒரு முழம் இருந்தால் அதிகம். அந்தப் பெண் திரும்பிப் பார்த்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போனாள்.

வண்டியை ஓரங்கட்டி இயந்திரத்தை நிறுத்தினார். பத்து வருடமாகக் கூட வரும் கண்டக்டர் பயணச் சீட்டுப் பலகையில் காகிதத்தை வைத்து, வண்டி நின்ற காரணத்தை எழுதக் குனிந்தார்.

“பிரேக் கோளாறுன்னு போட்டுடறேண்ணே. உங்க தடம் உங்களுக்கே இருக்கும்.”

“பிரேக் நல்லாத்தான் இருக்கு. கண்ணு மூடலைன்னு எழுது.”

கண்டக்டர் பேனாவைக் காகிதத்திலிருந்து எடுத்துவிட்டார்.

“எழுதுப்பா. தெரிஞ்சேதான் ஏறினேன்னும் எழுது.”