தை மாதக் கல்யாணமும் ஐப்பசி மாத முகமும்

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து போன்.

"மேடம், டாக்டர்கிட்ட ரெண்டு டேட் இருக்குதுங்க. ஒண்ணு அக்டோபர் கடைசி. அதை விட்டா மார்ச் கடைசிதானுங்க. எதைப் போடட்டுங்க?"

நான் ஆபீஸில் இருந்தேன். பம்ப் கம்பெனியில் டிராயிங் போடுகிற வேலை. ஒரு மோட்டார் மூடியைக் கம்ப்யூட்டரில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவள், சீட்டை விட்டு எழுந்தே நின்றுவிட்டேன். பக்கத்து சீட்காரர் யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறிப்போய்ப் பார்க்கிறார்.

"சனிக்கிழமைக்குள்ள சொல்றனுங்க" என்று போனை வைத்துவிட்டு, நேராகப் பாத்ரூமுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்று சிரித்தேன். தனியாக. சத்தமாக. யாராவது பார்த்திருந்தால்...? பார்க்கட்டுமே!

நான் எழுதுகிற இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் திருநங்கை. ஹார்மோன் சிகிச்சை ஆரம்பித்து இரண்டரை வருஷம் ஆகிறது. இப்போது நான் பேசுவது முகத்துக்கான ஆபரேஷன். புருவத்துக்கு மேலே புடைத்திருக்கிற எலும்பைத் தேய்ப்பது, மூக்கைக் கொஞ்சம் சின்னதாக்குவது, தாடை ஓரத்தை இழைப்பது. எல்லாத் திருநங்கைகளுக்கும் இது வேண்டும் என்றில்லை. என் தோழிகளில் பாதிப் பேர், "உனக்கு வேற வேலை இல்லையா?" என்று கேட்டவர்கள்தான். ஆனால் எனக்கு வேண்டும். ஒரு அறைக்குள் நான் நுழைவதற்கு முன்னால் என் நெற்றி எலும்பு நுழைந்து, "வணக்கம் சார்" என்கிற வரவேற்பை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறது. எத்தனை நாளைக்குத்தான் பொறுப்பது?

ஆரம்பத்தில் டாக்டரம்மாதான் பொறுக்கச் சொன்னார். ஹார்மோன் போகப் போகக் கன்னத்துச் சதையெல்லாம் மாறும், அது என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டு எலும்பில் கைவைக்கலாம் என்றார். சரி என்று காத்திருந்தேன். இந்த ஆடியில் என் மண்டை ஓட்டின் ஸ்கேனைக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார். முன்பக்கம், பக்கவாட்டு, மேலிருந்து... அடடா! இது என் வேலையல்லவா? "இங்க மூணு மில்லிமீட்டர் எடுப்பீங்களா? டாலரன்ஸ் எவ்வளவு டாக்டர், கூடக் குறைய எவ்வளவு போகலாம்?" என்று கேட்டுவிட்டேன்.

"அம்மா தாயே, இது எலும்பு, உங்க கம்பெனி இரும்புக் காஸ்டிங் இல்லை" என்றார் டாக்டர்.

அப்புறமென்ன, அக்டோபரிலேயே பண்ணிக்கொள்ள வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நடுவில் வந்து உட்கார்ந்தது என் தம்பி கார்த்தியின் கல்யாணம். தை மாதம் முகூர்த்தம்.

ஆவணியில் ஒருநாள் கார்த்தி துடியலூரில் நான் குடியிருக்கிற வீட்டுக்கு வந்தான். காபியைக் குடித்தான். டம்ளரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு சொன்னான்.

"அக்கா, இணைச்சீருக்கு நீதான் நிக்கோணும்."

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களைப் பார்த்தவர்களுக்கு இணைச்சீர் தெரியும். தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையையும் அவன் கூடப்பிறந்தவளையும் சேர்த்து நிறுத்தி, கூறைச்சேலையால் இரண்டு பேரையும் இணைத்துச் செய்கிற சீர். கூடப்பிறந்தவள் இல்லாவிட்டால் பெரியப்பா மகளையோ சித்தப்பா மகளையோ நிறுத்துவார்கள். எங்கள் வீட்டில் இரண்டும் ஆண்பிள்ளை என்று ஊர் எழுதிவைத்திருந்த காலத்திலேயே, கார்த்திக்குப் பெரியப்பா மகள்தான் என்று பேசி முடித்தாகிவிட்டது. அதைத்தான் இவன் மாற்றச் சொல்கிறான்.

நான் அழுதேன் என்பதை எழுதத்தான் வேண்டுமா?

மண்டபம் நிறைய ஒறம்பரை, சொந்தபந்தம். என்னை டவுசர் போட்ட காலத்திலிருந்து தெரிந்தவர்கள். அவர்கள் அத்தனை பேர் முன்னாலும், முதல்முறையாக, அக்காவாக ஏறி நிற்கப்போகிறேன். எந்த முகத்தோடு? அதுதான் இப்போது கேள்வி.

மார்ச் என்றால் கவலையே இல்லை. கல்யாணத்தில் கட்டாயம் நிற்பேன். ஆனால் ஆல்பத்தில் காலத்துக்கும் அந்த நெற்றிதான் இருக்கும். அக்டோபர் என்றால்...?

வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு டாக்டரிடமே போய்க் கேட்டேன்.

"ரத்தம் கட்டின கறுப்பு ரெண்டு மூணு வாரத்துல போயிரும். வீக்கம் பெரும்பாலும் மூணு மாசத்துல வடியும். முழுசா செட்டாக ஒரு வருஷம்கூட ஆகலாம்" என்றார்.

"தையில மேடை ஏறி நிக்க முடியுமா டாக்டர்?"

"நிக்கலாம்னுதான் நினைக்கறேன். ஆனா சத்தியம் பண்ண மாட்டேன். புண் ஆற லேட்டாச்சு, இன்ஃபெக்‌ஷன் ஆச்சுன்னா, கூட்டத்துக்குப் போகாதீங்கன்னு நானே தடுப்பேன். அன்னைக்கு வந்து என்கிட்டச் சண்டை போடக் கூடாது."

என் முகம் வாடியதைப் பார்த்திருக்க வேண்டும். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"இந்தக் கல்யாணமே இல்லைன்னா எப்ப பண்ணிக்குவீங்க?"

"இன்னைக்குச் சாயந்தரங்க."

யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. டாக்டர் சிரித்துவிட்டார். "சாயந்தரம் எனக்கு ஓ.பி. இருக்குது" என்றார்.

துடியலூர் வரைக்கும் ஸ்கூட்டரில் சிரித்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் சிரிப்பு போய்விட்டது. தம்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டு கேட்டது ஞாபகத்துக்கு வந்தது. அவன் கேட்ட ஒரே ஒரு இடம். அதில் நான் நிற்க முடியாமல் போனால்?

சனிக்கிழமை காலையில் அன்னூர் போனேன். அம்மாவும் கார்த்தியும் அங்கேதான் இருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை இரவே அம்மாவுக்குப் போனில் இரண்டு தேதியையும் சொல்லியிருந்தேன். வாசலில் செருப்பைக்கூட விடவில்லை, அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

"அக்டோபர் வேண்டாங் கண்ணு. ஜோசியர்கிட்டக் கேட்டுப்போட்டேன். கண்ணாலம் முடியட்டும்னு சொல்லிப்போட்டாரு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஜோசியரிடமா? இதையா? நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே எங்கள் குடும்பத்துக்கு நாள் பார்ப்பவர். எனக்குப் பையன் என்று ஜாதகம் எழுதியதும் அவர்தான்!

"அவர்கிட்ட என்னன்னும்மா சொன்னீங்க?"

அம்மா முந்தானையைச் சரிசெய்தாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். மறுபடி முந்தானையைச் சரிசெய்தாள்.

"ஊட்டு முன்பக்கத்தைச் சித்தெ இடிச்சுக் கட்டறோம்னு சொன்னேன்."

"என்னது?"

"பொறவு என்னன்னு சொல்றது? அவரும் கேட்டாரு, எவ்வளவு இடிக்கறீங்கன்னு. மேல கொஞ்சம், நடுவுல கொஞ்சம், கீழ ரெண்டு ஓரத்துலயும் கொஞ்சம்னு சொன்னேன். கண்ணாலம் வெச்சிருக்கற ஊட்டுல முன்பக்கத்துல கை வெக்கவே கூடாதுன்னுட்டாரு."

கார்த்தி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். எனக்கும் சிரிப்புத்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் அன்றைக்குக் கோபம் வந்தது.

"எதுக்குத்தாம்மா கை வெக்கலாம் நம்ம ஊட்டுல?" என்று ஆரம்பித்தேன். "காலேஜ் முடியட்டும்னு நான் வாயைத் தொறக்கல. முடிச்சேன். சித்தப்பா மக கண்ணாலம் முடியட்டும்னீங்க. முடிஞ்சுது. அப்பா தவறி வருஷம் திரும்பட்டும்னீங்க. திரும்புச்சு. அப்பறம் கோயில் நோம்பி, அப்பறம் ஊடு கிரகப்பிரவேசம்... இப்ப இவன் கண்ணாலம். இது முடிஞ்சா இவனுக்குக் குழந்தை பொறக்கும், காது குத்தட்டும்பீங்க!"

நீங்களே சொல்லுங்கள். உங்கள் வீட்டிலும் இப்படித்தானே? பல் பிடுங்குவதிலிருந்து வேலையை விடுவது வரை, எதைக் கேட்டாலும் "இந்த விசேஷம் முடியட்டும்" என்பதுதானே பதில்? நம் ஊரில் விசேஷம் என்றைக்கு முடிந்திருக்கிறது? ஒரு பந்தல் பிரிக்கிறபோதே அடுத்த பந்தலுக்கு முன்பணம் கொடுத்துவிடுகிறோம். நடுவில் நமக்கென்று இருக்கிற சின்ன ஆசைகள் எல்லாம் ஓரமாக நின்றுகொண்டு, நம்மைக் கூப்பிடுவார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கின்றன.

முப்பத்து நாலு வருஷம் அப்படி நின்றவள் நான். கத்தியபோதுதான் எனக்கே தெரிந்தது, நான் அம்மாவிடம் அனுமதி கேட்க வரவில்லை. முடிவோடு வந்திருக்கிறேன். வியாழக்கிழமை டாக்டர் ரூமிலேயே என் வாய் சொல்லிவிட்ட முடிவு.

"அக்டோபர்தாம்மா" என்றேன்.

கார்த்தி சிரிப்பை நிறுத்திவிட்டான். அவன் பக்கம் திரும்பி, சொல்ல வேண்டியதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

"கார்த்தி, நிக்க முடியும்னு டாக்டர் சத்தியம் பண்ணல. ஒருவேளை என்னால வர முடியலீன்னா, பெரியப்பா பொண்ணையே நிறுத்திக்கோ. என்மேல வருத்தப்படாதே."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "சரி" என்றான். பிறகு, "வருத்தமாத்தான் இருக்கும். இருந்தாலும் போய்ப் பண்ணிக்கக்கா" என்றான். சினிமாவில் வருகிற தம்பி மாதிரி, 'அதெல்லாம் ஒண்ணும் இல்லைக்கா' என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். வருத்தமாக இருக்கும் என்று உண்மையைச் சொன்னான் பாருங்கள், அதில்தான் எனக்குத் தெம்பு வந்தது.

அம்மா எழுந்து போனாள். சமையலறைக்குத்தான் போகிறாள் என்று நினைத்தேன். கையில் போனோடு வந்து உட்கார்ந்தாள். ஸ்பீக்கரில் போட்டால்தான் அவளுக்குக் காது கேட்கும்.

"ஏனுங்க, அன்னூர்ல இருந்து பேசறனுங்க. புதன்கிழமை வந்திருந்தேனே..."

"சொல்லுங்கம்மா. ஊடு இடிக்கற விஷயந்தானுங்களே?"

"ஊடு இல்லீங்க." அம்மா போனை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "பொய் சொல்லிப்போட்டனுங்க. என்ற புள்ளைக்கு மூஞ்சியில ஆபரேஷனுங்க. நெத்தி, மூக்கு, தாடைங்க. டாக்டரம்மா அக்டோபர்ல நாள் குடுத்திருக்கறாங்க."

அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம். "யாருக்குங்க? சின்னவருக்குக் கண்ணாலம் வெச்சிருக்குது. பெரியவர் ஜாதகமுங்களா?"

இந்தக் கேள்வியிலிருந்து நழுவ அம்மாவுக்கு நூறு வழி தெரியும். வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன்.

"பெரியவரு இல்லீங்க. மூத்த பொண்ணுங்க. நீங்க எழுதுனது அவ ஜாதகந்தானுங்க. தைக்கு இணைச்சீருக்கு நிக்கறதும் அவதானுங்க."

சொல்லிவிட்டாள். ஸ்பீக்கரில். பக்கத்து வீட்டுக்கே கேட்கும் சத்தத்தில்.

ஜோசியர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் சொன்னது ஊட்டுக்குத்தானுங்கம்மா. வைத்தியத்துக்கு டாக்டர் குடுக்கற நாளே நல்ல நாளுங்க" என்றார். அப்புறம் தொழில் பழக்கம் விடவில்லை. "அஷ்டமி மட்டும் வேண்டாமுங்க."

நான் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். அக்டோபர் என்றேன். அம்மா பக்கத்திலிருந்து இடித்துக்கொண்டே இருந்ததால், கூச்சத்தோடு அதையும் கேட்டேன். "ஏனுங்க, அன்னைக்கு அஷ்டமி ஏதாச்சும்...?"

"அதெல்லாம் பார்த்துத்தானுங்க மேடம் டேட்டே போடறோம்" என்றாள் ஆஸ்பத்திரியில் போன் எடுத்த பெண். "நம்மூர்ல எல்லாரும் கேப்பாங்களே!"

முடிந்தது. பெயர் பதிந்தாகிவிட்டது. எலும்பைத் தேய்க்கப்போகிறார்கள் என்பதற்கு இப்படித் துள்ளுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சாயந்தரம் கிளம்பும்போது பயம் மறுபடி எட்டிப்பார்த்தது. "ஏம்மா, புண்ணெல்லாம் ஆறி மேடையும் ஏறிட்டேன்னே வெச்சுக்குங்க. அன்னைக்கும் மூஞ்சி வீங்கியே இருந்தா? போட்டோவுல எல்லாம் அப்படித்தானே விழுகும்?" என்று கேட்டேன்.

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். உலகத்தில் இப்படி ஒரு விவரங்கெட்டவள் உண்டா என்கிற பார்வை.

"கூடப்பொறந்தவன் கண்ணாலத்துல எந்த அக்காளுக்குடி மூஞ்சி வீங்காம இருக்குது? எல்லாரும் அழுதுதானே நிப்பாங்க. உன்னையும் அப்பிடித்தான் நெனச்சுக்குவாங்க, போ."

ஆகவே, தை மாதம் எங்கள் மண்டபத்துக்கு வருகிறவர்கள் குழம்ப வேண்டாம்... அழுது அழுது வீங்கியிருப்பவன் மாப்பிள்ளை. வீங்கிய முகத்தோடு ஈயென்று இளித்துக்கொண்டு நிற்பவள் அவன் அக்கா!