சிவப்பு எழுத்தில் ‘போலி’

போன செவ்வாய்க்கிழமை காலை, பெரம்பலூர் மார்க்கெட்டில் சின்ன வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

“மேடம், உங்க சாஃப்ட்வேர் சூப்பர் மேடம்! மொத நாளே ஒரு போலி சர்ட்டிபிகேட்டப் புடிச்சிடுச்சு!”

பேசியவர் நடேசன். அரியலூர் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியின் அலுவலகக் கண்காணிப்பாளர். அந்தக் கல்லூரிக்கு அட்மிஷன் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தது நான்தான். வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு என் பிழைப்பு தெரியும் — பெரம்பலூரில் ஒரு மாடி அறை, இரண்டு கம்ப்யூட்டர், எப்போதும் பாதி முடிந்த நாலு புராஜெக்ட்.

பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்? வெங்காயக்காரரிடம் பேரம் பேசக்கூட மறந்துவிட்டேன்.

“என்ன சர்ட்டிபிகேட் சார்?”

“முதல் பட்டதாரி சான்றிதழ் மேடம். வரதராஜன்பேட்டைப் பொண்ணு. சிஸ்டம் ‘போலி’ன்னு செவப்புல காட்டுது. சாயங்காலம் வரைக்கும் பாத்துட்டு, சீட்ட வெயிட்டிங் லிஸ்ட்ல அடுத்த ஆளுக்குக் குடுத்துடலாம்னு இருக்கோம்.”

குடும்பத்தில் முதல்முறையாகப் பட்டப்படிப்புக்குப் போகிறவர்களுக்கு அரசு கொடுக்கும் சான்றிதழ் அது. வருவாய்த் துறை அதிகாரி மின்னணுக் கையொப்பம் போட்டு பிடிஎஃப் ஃபைலாக வரும். அந்தக் கையொப்பத்தைப் போலியாகப் போடும் அளவுக்கு ஒருவருக்குத் திறமை இருந்தால், அவர் எந்தக் கல்லூரியிலும் சேர வேண்டிய அவசியமே இல்லையே... ஒருவேளை தப்பு என் புரோகிராமில்தானோ? வெங்காயத்தை வீட்டில் போட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

அரியலூர் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகிற நேரத்தில், அந்த சாஃப்ட்வேர் என்ன செய்கிறது என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

கையெழுத்திட்ட அதிகாரி யார் என்று சொல்ல, அவருக்கென்று ஒரு டிஜிட்டல் அடையாளச் சான்று உண்டு. அது அந்த பிடிஎஃப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். எங்கள் புரோகிராமில் அதற்கு ஒரு ‘கிளாஸ்’ எழுதியிருக்கிறேன். கிளாஸ் என்றால் அச்சு. பெயர் என்ன, கொடுத்தது யார், எதுவரை செல்லும் — இத்தனையும் அந்த அச்சில் இருக்கும். அந்த அச்சு செய்யத் தெரிந்த வேலைகளுக்கு ‘மெத்தட்’ என்று பெயர். இதற்கு முக்கியமான மெத்தட் ஒன்றுதான். சரிபார்!

எப்படிச் சரிபார்க்கும்? நம் ஊரில் மாப்பிள்ளை விசாரிப்பது மாதிரிதான். பையன் குரும்பலூர். நமக்குத் தெரியாது. அவனைத் தெரிந்தவர் செட்டிகுளத்தில் ஒருவர். அவரையும் தெரியாது. அவருக்கு ஜாமீன் சொல்கிறவர் நம் சொந்தக்காரர்... அப்பாடா, நம்பலாம். அடையாளச் சான்றிலும் இவருக்கு அவர், அவருக்கு இன்னொருவர் என்று போய், நமக்குத் தெரிந்த ஒரு அமைப்பில் போய் நிற்க வேண்டும். அதோடு, கையெழுத்துப் போட்ட பிறகு ஃபைலில் ஒரு புள்ளிகூட மாறியிருக்கக் கூடாது.

இதையெல்லாம் பார்த்துவிட்டு என் மெத்தட் முதலில் மூன்று விதமாகப் பதில் சொல்லும்படிதான் இருந்தது. ‘சரி’. ‘ஃபைல் மாறியிருக்கிறது’. ‘என்னால் உறுதி சொல்ல முடியவில்லை’.

டெமோ காட்டிய அன்று நடேசன்தான் கையெடுத்துக் கும்பிட்டார். “மேடம், அட்மிஷன் நேரத்துல ஆபீஸ்ல கூட்டம் நெரிக்கும். ஒரிஜினலா, போலியா? அத மட்டும் காட்டுங்க, போதும்.” கஸ்டமர் கேட்டால் செய்து கொடுப்பதுதானே தொழில்? மூன்றை இரண்டாக்கினேன். ‘சரி’ என்றால் பச்சை. மற்றதெல்லாம் சிவப்பு.

கல்லூரி ஆபீஸில் பெஞ்சு கொள்ளாத கூட்டம். சுவரோரமாக ஒரு பெண் தலையைக் குனிந்தபடி நின்றிருந்தாள். பெயர் ஸ்டெல்லா. பக்கத்தில் அவள் அப்பா சவரிமுத்து. சிமென்ட் ஆலைக்குக் கல் ஏற்றிச் செல்லும் லாரியின் டிரைவர். அன்றைக்கு லீவு போட்டு, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். அவர்களைச் சுற்றி மட்டும் கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

சவரிமுத்து என்னிடம் வந்து ஒரு பிளாஸ்டிக் கவரைப் பிரித்தார்.

“மேடம், இதப் பாருங்க. பத்திரமா இருக்கட்டும்னு லேமினேசன்கூட பண்ணி வச்சிருக்கோம். இது போயி எப்படிங்க போலியாவும்?”

அவரிடம் எப்படிச் சொல்வது? காகிதத்தில் அச்சடித்த நிமிடமே அந்த மின்னணுக் கையொப்பம் செத்துவிடும். என் புரோகிராமைப் பொறுத்தவரை லேமினேஷன் அட்டையும் காலண்டர் அட்டையும் ஒன்று.

நடேசன் தன் பங்குக்கு வழி சொன்னார். “யாராச்சும் கெஜட்டட் ஆபீசர்கிட்ட பச்ச இங்க்ல அட்டஸ்ட் வாங்கிட்டு வந்தா, பிரின்சிபால்கிட்ட பேசிப் பாக்கலாம்.”

“அவசரப்படாதீங்க சார்” என்று அவர் நாற்காலியில் நானே உட்கார்ந்துகொண்டேன்.

திரைக்குப் பின்னால் பதிவாகியிருந்த பழைய பதிலைத் தேடி எடுத்தேன். ‘ஃபைல் மாறியிருக்கிறது.’ கொடுத்த அதிகாரி சரி. அவருக்கு ஜாமீன் சொன்னவர்கள் சரி. ஃபைல் மட்டும் எங்கேயோ மாறியிருக்கிறது.

“ஸ்டெல்லா, இத யாரும்மா அப்லோடு பண்ணது?”

“எங்க ஊரு பிரவுசிங் சென்டர் அண்ணன்தான் மேடம்.”

போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தோம். அந்த அண்ணன் கூச்சமே இல்லாமல் சொன்னார்: “ஆமாங்க, ஃபைலு பெருசா இருந்துச்சு. உங்க காலேஜு வெப்சைட்டு எரநூறு கேபிக்கு மேல வாங்க மாட்டேங்குது. அதான் கம்ப்ரெஸ் பண்ணி ஏத்துனேன். எல்லாத்துக்கும் அப்புடித்தான பண்றோம்!”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இருநூறு கேபிக்கு மேல் வாங்காதே என்று சொல்லும் வெப்சைட் எங்களுடையது. சுருக்கினால் ‘போலி’ என்று கத்தும் சாஃப்ட்வேரும் எங்களுடையது. வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டு, உள்ளே வந்ததும் ஏன் வெறுங்காலோடு வந்தாய் என்று கேட்கிற கதை!

“ஒரிஜினல் ஃபைல் இருக்காங்க?”

“இங்க கம்ப்யூட்டர்லயேதான் கெடக்கு. இந்தா அனுப்பறேன்.”

வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தது — கம்ப்யூட்டர் திரையை செல்போனில் எடுத்த போட்டோ! கூடவே அவருடைய கட்டைவிரலும். மறுபடி அழைத்து, “படமா வேணாங்க, டாக்குமெண்டா அனுப்புங்க” என்று கெஞ்சினேன்.

இந்த இடைவெளியில் சவரிமுத்து என் காதருகே குனிந்து மெதுவாகப் பேசினார்.

“மேடம், சீட்டு போனா போவுது. வேற காலேஜு பாத்துக்கறோம். எம்பொண்ணு போலி சர்ட்டிபிகேட்டு குடுத்தான்னு மட்டும் எங்கயும் எழுதிடாதீங்க. எங்க வூட்டுல மொத மொத காலேஜ் வாசப்படி மிதிக்கறவ அவதான்.”

நான் திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

‘மாறியிருக்கிறது’, ‘உறுதி சொல்ல முடியவில்லை’ என்று இரண்டு பதில்கள் இருந்தனவே... அவற்றைத் தூக்கிவிட்டு ‘போலி’ என்று எழுத நாங்கள் எவ்வளவு சுலபமாகச் சம்மதித்தோம்! கம்ப்யூட்டரை விடுங்கள். மனிதர்களிலேயே எத்தனை பேர் ‘எனக்கு உறுதியாகத் தெரியவில்லை’ என்று சொல்கிறோம்? பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்தவரைப் பற்றிக் கேட்டால்கூட, “ஆள் சரியில்லை” என்றுதான் வாயில் வருகிறது. தெரியாது என்றால் நம் மரியாதை குறைந்துவிடுமாம்.

ஃபைல் வந்தது. ஓட்டினேன். பச்சை.

ஸ்டெல்லா அப்போதுதான் நிமிர்ந்தாள். சத்தமே இல்லாமல் அழுதுகொண்டிருந்திருக்கிறாள் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அங்கேயே உட்கார்ந்து இருநூறு கேபி வரம்பைத் தூக்கினேன். சிவப்பு ‘போலி’யைத் தூக்கினேன். மூன்று பதில்களையும் திரும்பக் கொண்டுவந்தேன். ‘மாறியிருக்கிறது’ என்று வந்தால், ‘ஒரிஜினல் ஃபைலைக் கேட்டு வாங்கவும்’ என்று ஒரு வரியும் சேர்த்தேன்.

“சரிப்பா, சிஸ்டம் ஓகே சொல்லிடுச்சு. அடுத்த கவுண்டருக்குப் போங்க” என்றார் நடேசன், சவரிமுத்துவிடம்.

சவரிமுத்து போகவில்லை. கவரை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

“சார், கோச்சுக்காதீங்க. காலைல போலின்னு இந்த ஆபீசுக்கே கேக்கற மாரி சொன்னீங்க. இப்ப ஒரிஜினல்னு எங்காதுல மட்டும் சொல்றீங்களே...”

நடேசன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இதற்கு எந்தப் பட்டனை அழுத்துவது என்று கேட்பது போலிருந்தது அவர் பார்வை.

பிறகு எழுந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பெஞ்சுகளைப் பார்த்து, ஆபீஸ் முழுக்கக் கேட்கும் குரலில் சொன்னார்: “எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. ஸ்டெல்லாவோட சர்ட்டிபிகேட்டு ஒரிஜினல்தான். தப்பு எங்க பக்கம்.”

என் கிளாஸில் அப்படி ஒரு மெத்தடை நான் எழுதவே இல்லை.